மூடி சரியில்லை

படகுத்துறையில் எனக்குப் பெயர் கார்பரேட்டர். மோட்டார் எதுவானாலும், நோய் எதுவானாலும், முதலில் கார்பரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவுவேன். புரொப்பெல்லரில் வலை சுற்றிக்கொண்டு நின்ற மோட்டாருக்கும் அதையே செய்தேன் என்று ஒரு கதை உலவுகிறது. கதை இல்லை, செய்தேன். படகு மோட்டார் மெக்கானிக் என்று பெரிதாகப் பலகை மாட்டியிருக்கிறேனே தவிர, எனக்கு நீச்சல் தெரியாது. வேலை பார்ப்பதெல்லாம் கரையில்தானே என்று சொல்லிக்கொள்வேன்.

என் கூடப்பிறந்த அக்கா ஆற்றுக்குக் குறுக்கே படகு ஓட்டுகிறவள். அட்டைப்பெட்டி கம்பெனியில் வருஷக்கணக்காக நின்றுகொண்டே பெட்டி ஒட்டிக் கால் வீங்கிப்போய், அந்த வேலையை விட்டுவிட்டுப் படகு வாங்கினாள். மோட்டார் பழையது. யோசித்தாள். "நான் இருக்கேன்ல, நீ ஏன் பயப்படற?" என்று மார்தட்டியவன் நான். என் வாயை நம்பி வாங்கினாள். அக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர்களும் ஆஸ்பத்திரி நர்சுகளும் தினமும் காலையில் அவள் படகில்தான் போனார்கள்.

ஒரு நாள் அக்கா போன் பண்ணினாள். என் பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுப் பேசலாம் என்கிற புத்தி எனக்கு வரவில்லை.

"நடு ஆத்துல அடிக்கடி நின்னுடுதுடா. மூடி சரியில்லன்னு நெனக்கறேன்" என்றாள்.

மூடு சரியில்லை என்று என் காதில் விழுந்தது.

"யாருக்குக்கா? மாமாவுக்கா?"

"மோட்டாருக்குடா."

மோட்டாருக்கு மூடு சரியில்லை என்று படகு ஓட்டுகிறவள் சொன்னால், பெட்ரோல் ஒழுங்காக இறங்கவில்லை என்றுதானே அர்த்தம்? துறைக்குப் போனேன். கார்பரேட்டரைக் கழற்றினேன். போன மாதம்தான், கை சும்மா இருக்கிறதே என்று, அதைக் கழற்றிக் கழுவியிருந்தேன். மறுபடியும் கழுவினேன். மோட்டாரின் மேல்மூடியைப் போடாமலே ஸ்டார்ட் செய்தேன், கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொண்டு குறை சொல்ல முடியாதபடி ஓடியது. மூடியைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலை படகு நிறைய டீச்சர்களோடு நடு ஆற்றில் நின்றது. அக்கா துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. அடுத்த நாள் டீச்சர்கள் பாலம் வழியாகச் சுற்றிப் பஸ்ஸில் போய்விட்டார்கள், நர்சுகளும் அவர்களோடு போய்விட்டார்கள்.

"இன்னொரு தடவ நின்னா படக வித்துட்டு அட்டைப்பெட்டிக்கே போயிடறேன்" என்றாள் அக்கா, காலிப் படகில் உட்கார்ந்தபடி. "கேட்டுட்டேன். சேத்துக்கறோம்னுட்டாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சமையலுக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

"எப்படிக்கா நிக்குது?" என்றேன். கழுவுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"இருமறது தடுமாறறதெல்லாம் இல்ல. லைட்ட அணைச்ச மாதிரி நிக்குது."

பெட்ரோல் போதாமல் நிற்கிற மோட்டார் இருமிவிட்டுத்தான் நிற்கும். லைட்டை அணைத்தது போல் நின்றால் அது கரண்ட் சமாச்சாரம். நிறுத்துகிற பொத்தானிலிருந்து ஒரு வயர் மோட்டாருக்குள் போகிறது. பொத்தானை அழுத்தினால் அது மோட்டாரின் உடம்போடு சேர்ந்துகொள்ளும், ஸ்பார்க் பிளக்கில் பொறி வராது, மோட்டார் நின்றுவிடும். யாரும் அழுத்தாமலே அந்த வயர் எங்கேயோ உடம்பைத் தொட்டு ஷார்ட் ஆகிறது. இவ்வளவு தூரம் யோசித்ததே எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் வயரையே பிடுங்கிவிட்டேன்.

மோட்டார் அருமையாக ஓடியது. அக்கா ஆற்றில் ஒரு சுற்றுப் போய் வளைத்துக்கொண்டு வந்து, வழக்கம்போல் கரை நெருங்கும்போது பொத்தானை அழுத்தினாள். வயரே இல்லாத பொத்தான் என்ன செய்யும்? படகு வந்த வேகத்தில் துறையின் டயர்களில் மோதியது. நான் பெட்ரோல் குழாயைப் பிடுங்கினேன். கார்பரேட்டரில் மிச்சமிருந்ததைக் குடித்துத் தீர்க்கும்வரை மோட்டார் கத்திக்கொண்டே இருந்தது.

"போகாத மோட்டார நிக்காத மோட்டாரா மாத்திட்ட" என்றாள் அக்கா.

மல்டிமீட்டரை எடுக்க வீட்டுக்கு ஓடினேன். வாங்கியது நான்தான். டிவி ரிமோட்டின் பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க என் மனைவிதான் பயன்படுத்தி வந்தாள். "இது வேலைக்கு வாங்கினதா? சொல்லவே இல்லையே" என்று எடுத்துக் கொடுத்தாள்.

மீட்டரின் ஒரு முனையைப் பிடுங்கிய வயரிலும் இன்னொன்றை மோட்டாரின் உடம்பிலும் மாட்டினேன். ஷார்ட் இருந்தால் மீட்டர் கத்த வேண்டும். கத்தவில்லை. வயரை ஆட்டினேன், பொத்தானைத் தட்டினேன், ஒன்றும் இல்லை. எதற்கும் இன்னொரு தடவை கார்பரேட்டரை, என்று வாயெடுத்தேன்.

"மூடியப் போட்டுட்டுப் பாருடா. அன்னிக்கே போன்ல சொன்னேனே, மூடி சரியில்லன்னு."

"மூடியா? மூடு இல்லையா?"

அக்காவே மூடியை எடுத்து வைத்து அழுத்தினாள். மீட்டர் கத்தியது. தூக்கினாள், அடங்கியது. மறுபடி அழுத்தினாள், கத்தியது. மூடியின் விளிம்பு படுகிற இடத்தில் வயர் நசுங்கித் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. வயர் இருக்க வேண்டிய இடமே அது இல்லை. உள்பக்கம் ஒரு கிளிப்பில் இருக்க வேண்டியது. கார்பரேட்டரைக் கழற்றுகிறவன்தான் கிளிப்பிலிருந்து அதை விலக்கி வைப்பான், திரும்ப மாட்டவும் வேண்டும். அந்த மோட்டாரில் கார்பரேட்டரைக் கழற்றியவன் இந்த ஊரிலேயே ஒருத்தன்தான்.

அக்கா கிளிப்பையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். உரிந்த இடத்தை வெட்டி, ஒட்டு வைத்து, மேலே பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டு, கிளிப்பில் மாட்டி, பிடுங்கிய முனையையும் திரும்பச் சேர்த்தேன்.

"ஏறு" என்றாள்.

"நான் எதுக்குக்கா? கரையிலேருந்தே காதால கேட்டுச் சொல்லிடுவேன்."

"ஏறுடா."

லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு ஏறினேன். நடு ஆறு வந்தது. மோட்டார் சட்டென்று நின்றது. அக்காவின் விரல் பொத்தானில் இருந்தது.

"நிறுத்தினா நிக்குதான்னு பாத்தேன்."

"அத கரையில பாக்கக் கூடாதா?"

"டீச்சருங்க கரையிலயா உக்காந்திருப்பாங்க?"

கயிற்றை இழுத்தாள். பிடிக்கவில்லை. எனக்குப் பாதி பயம் தண்ணீரைப் பார்த்து, பாதி பயம் அட்டைப்பெட்டியை நினைத்து. மறுபடி இழுத்தாள். பிடித்துக்கொண்டது. அக்கரை வரைக்கும் போய்த் திரும்பினோம். எங்கேயும் நிற்கவில்லை.

திரும்பும்போது அக்கா தன் போனை என்னிடம் நீட்டினாள். "பெரிய டீச்சருக்குப் போட்டுச் சொல்லு, நாளைக்குப் படகு உண்டுன்னு. நீயே சொல்லு."

மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தினேன். "டீச்சர், மூடி சரியாயிடுச்சு."

"யாருக்குப்பா மூடு சரியாச்சு?" என்றார் டீச்சர். "உங்க அக்காவுக்கா?"

திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒரு கையை மூடிமேல் வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா டீச்சர்" என்றேன்.