காகிதம் வந்தால் தருகிறேன்

ஷார்ஜாவில், முவைலா லேபர் கேம்பில் ஜெய்னுலாப்தீனைப் பிடித்தவர்கள் ரொம்பக் குறைவு. கம்பெனியின் விசா, லேபர் கார்டு வேலையெல்லாம் அவர் கையில். போட்டோவில் ஒரு காது சரியாகத் தெரியாவிட்டாலும் விரட்டிவிடுவார். கீழக்கரைக்காரர், வாயைத் திறந்தால் தேள் கொட்டும். இருந்தாலும் 2006இல் அவர் செய்ததை அந்த கேம்பில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

சோலைமுத்து எலக்ட்ரீஷியன். லீவில் ஊருக்குப் போய் வந்த கையோடு, இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து எடுத்த வேலைக்காக சவூதியில், தம்மாமில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஷார்ஜா திரும்பியிருந்தான். பத்தாம் நாள், அந்தக் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் ஆபீசில் வந்து உட்கார்ந்தார்கள். நாலு ரோல் கேபிளைக் காணோமாம். இவன்தான் எடுத்தானாம். அங்கே போலீசில் நிறுத்த வேண்டுமாம்.

மேனேஜர் அனந்தகிருஷ்ணனுக்குத் தலைவலி தீர்ந்தால் போதும்.

"மறுபடி வேலைக்குப் போற மாதிரி விசா அடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. இவன் பாஸ்போர்ட்டை எடுங்க பாய். கலாஸ், முடிஞ்சுது."

சோலைமுத்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அங்கே உள்ளே தள்ளினால் ஏனென்று கேட்க ஆளில்லை. ஊரில் மனைவி பானுமதி ஏழு மாதக் கர்ப்பம்.

ஜெய்னுலாப்தீன் பாஸ்போர்ட்டுகள் இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டார்.

"பேப்பர் எங்க?"

"என்ன பேப்பர்?"

"இந்த நாட்டுக்காரன் ஒருத்தனைப் பக்கத்து நாடு கேட்டா, இப்படித்தான் வண்டியில ஏத்தி விட்ருவாகளா சார்?"

"அவன் குடிமகன்யா. இவன் கூலிக்கு வந்தவன்."

"இங்கத்த விசாவுல நிக்கிறான். நிக்கிறவரைக்கும் இவன் நம்ம ஆளு. அந்தப் போலீசு இந்தப் போலீசுக்கு எழுதட்டும். கோர்ட்டு சொன்னா தர்றேன். வேலைக்குன்னு பொய் சொல்லி ஆளைக் கடத்துறதுக்கு நான் தரகு பாக்க மாட்டேன்."

"உம்ம லீவுல கையெழுத்துப் போடுறவன் நான், ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. போடாதீங்க."

பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பி, இந்தியில் சொன்னார். "வாங்க, நாம எல்லாருமா இங்கத்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம். இவன் திருடுனான்னு எழுதி, நீங்களே கையெழுத்துப் போடுங்க. யல்லா, கிளம்புங்க."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாளியைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்று எழுந்து போனார்கள். வரவில்லை. நாலு மாதம் ஆகியும் ஒரு வரி எழுதிக்கூடக் கேட்கவில்லை. அதற்குள் பானுமதிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

மேனேஜர் சொன்னபடியே செய்தார். அந்த வருடம் ஜெய்னுலாப்தீனுக்கு லீவு கிடையாது, நோன்புப் பெருநாள் கேம்பிலேயே கழிந்தது. சோலைமுத்து பிரியாணிப் பொட்டலத்தோடு அவர் ரூமுக்குப் போனான். ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டான்.

"பாய், நெசமாவே பேப்பர் வந்திருந்தா?"

"நானே கூட்டிட்டுப் போயி ஒப்படைச்சிருப்பேன்."

"அடப்பாவி மனுசா!"

"தனியாவாடா விட்ருப்பேன்? வக்கீலோட நானும்ல வந்திருப்பேன். உக்காந்து தின்னு."