வாஷிங் மெஷின் இல்லாத ஹோட்டல்

அந்த வருஷம் எங்கள் தீவு நாட்டில், பா ஊரிலிருந்து விடுமுறைக்கென்று கிளம்பிய எவரும் திரும்பி வரவில்லை. துப்பாக்கியோடு சிலர் பார்லிமெண்டுக்குள் புகுந்து அரசாங்கத்தைக் கவிழ்த்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் மச்சினியின் முழங்கால் வலியை விசாரிக்க ஆஸ்திரேலியா போனார். முழங்கால் இன்னும் குணமாகவில்லை போலும். அவருடைய நாய் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட காலத்தில் நான் ஒருவன் மட்டும் நிஜமாகவே ஒரு வாரம் கோல்ட் கோஸ்ட் போய், தீம் பார்க்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர நினைத்தேன். மகளுக்குக் கொடுத்த வாக்கு. ஏழு வயதில் கேட்டாள். பெரிய ரோலர் கோஸ்டருக்கு உயரம் போதவில்லை. ஒன்பதில் உயரம் வந்தது, கூடவே ஊரடங்கும் வந்தது. பத்தில் கதவு நிலையில் பென்சில் கோடு போட்டுக் காட்டினாள். "இன்னும் லேட் பண்ணா நான் குனிஞ்சுதான்பா ஏறணும்."

எங்கள் வீட்டில் பேச்சு இந்தியில், சண்டை மட்டும் தமிழில். மனைவி தமிழுக்கு மாறினாள். "எங்க அண்ணன் பிரிஸ்பேன்ல அவ்ளோ பெரிய வீட்ட வச்சிக்கிட்டு இருக்கு. நாம ஹோட்டல்ல தங்குனா அது மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

"சொந்தக்காரன் அட்ரஸ எழுதுனா வீசா குடுக்க மாட்டான். ஓடிப்போறவன் எவனாவது ஹோட்டலுக்குக் காசு கட்டுவானா? அதான் நம்ம சாட்சி."

ஊர் முழுக்க நம்பிய தத்துவம் அது. டிராவல் ஏஜெண்ட் கடையில் படப் புத்தகங்களைப் பரப்பினார்கள். மகள் நீச்சல் குளத்துக்குள் சறுக்கு இறங்கும் ஹோட்டலில் விரலை வைத்தாள். என் கண்ணில் பட்டதோ வேறொரு ஹோட்டலின் அடுப்பு. ஏழு நாள் ரொட்டியும் ஜாமும் தின்று உயிரோடிருக்க எங்கள் குலத்தில் யாருக்கும் பழக்கமில்லை. இரண்டு படுக்கையறை, அடுப்பு, வாஷிங் மெஷின். பக்கத்திலேயே ஆரம்பப் பள்ளி என்று வேறு பெருமையாகப் போட்டிருந்தது.

"இதுல சறுக்கு இல்லியேப்பா."

"அடுப்பு இருக்கேம்மா."

எந்தத் தகப்பனும் இதைவிட மட்டமான பதிலைச் சொல்லியிருக்க மாட்டான்.

விடுமுறைக்குத் தோதாக இன்னொரு காரியமும் செய்தேன். எங்கள் கரும்பு வெட்டும் கேங்கில் பன்னிரண்டு பேர். முறை வைத்து ஒருவர் வயலை மற்றவர்கள் சேர்ந்து வெட்டிக் கொடுப்போம். கேங் தலைவரான சர்தாரைக் கெஞ்சி, என் வயலை முதலில் வெட்ட வைத்தேன்.

தலைநகர் சுவாவில் வீசா அதிகாரி என் விண்ணப்பப் பாரத்தைப் புரட்டினார். "சமையலறை, துணி துவைக்கும் மெஷின், பக்கத்தில் பள்ளிக்கூடம். ஒரு வார விடுமுறைக்கா?"

"எங்க துணி கொஞ்சம் அழுக்கு சார்."

அவர் சிரிக்கவில்லை. "கரும்பு?"

"வெட்டியாச்சு சார், மொத ஆளா!"

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாட்டை விட்டு ஓடுகிறவன் எப்படிப் பாரம் நிரப்புவானோ, அதைப் பிழையில்லாமல் நிரப்பியிருந்தேன். மகள் அந்த மூடிய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "சார், இவர் வயல மத்த பதினோரு பேரும் வெட்டிக் குடுத்துட்டாங்க. இனி அவங்க வயல இவர் வெட்டணும். என் தங்கச்சி புருஷனும் அதே கேங்குதான். இவர் வராம போனா அவ சும்மா விடமாட்டா. நீங்க என் தங்கச்சியப் பாத்ததில்ல சார்."

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். அவருக்கும் ஒரு மச்சினி இருந்திருக்க வேண்டும். மகளிடம் திரும்பி, "உனக்கு எந்த ஹோட்டல் பிடிக்கும்?" என்றார். அவள் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தாள். சறுக்குக் குளம். ஏஜெண்ட் கடைப் புத்தகத்திலிருந்து எப்போது கிழித்தாளோ!

"இதில் ரூம் எடுத்துவிட்டு வாருங்கள்" என்றார் அதிகாரி.

எடுத்தோம், போனோம். அடுப்பில்லாத அந்த ஹோட்டலுக்குப் பிரிஸ்பேன் மச்சான் தினமும் சாயங்காலம் சோறும் பருப்பும் தூக்கிக்கொண்டு வந்து, குளத்தங்கரையில் வைத்தே திட்டினார். "ஏன் மாப்ள, எங்க வீட்டு அடுப்பு ஒனக்கு ஆவாதா? பேசாம இங்கயே இருந்துடேன்." அவர் கொண்டுவந்த சோற்றையே இன்னும் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். ரோலர் கோஸ்டரில் மகள் கையைத் தூக்கிக் கத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன்.

சொன்ன நாளில் திரும்பி வந்தோம். கேங்கில் ஒருவருக்கு மட்டும் சந்தோஷமில்லை. சர்தார் என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "வந்துட்டியா பாவி? நீ வரமாட்டேன்னு ஒரு வாளி யங்கோனா பந்தயம் கட்டியிருந்தேனே!" அன்றைக்கு அத்தனை பேரும் அவர் செலவில் அந்த வேர்ப் பானத்தைச் சிரட்டை சிரட்டையாகக் குடித்தார்கள்.

மறுநாள் என்னை இறக்கிவிட்டது மச்சினி வயலில். அவள் டீ கெட்டிலோடு வரப்பில் நின்று, நான் உயரமாக விட்டுவந்த கரும்புக் கட்டைகளைக் காலால் தட்டிக் காட்டினாள்.

"தரையோட ஒட்டி வெட்டுங்க அத்தான். ராட்டினம் சுத்திட்டு வந்த கை இன்னும் நடுங்குதா?"