நீலப் புகையும் ஒரு நோன்பும்

முதலில் ஏசியை அணைப்பார் ஜஹீரா. அறை அதற்குள் குளிர்ந்திருக்கும். பிறகு ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியைப் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்து அடைப்பார். தலைமுக்காட்டை இறுக்கி, முகமூடியை மூக்கின் மேல் அழுத்தி, "பிஸ்மில்லாஹ்" என்று சொன்ன பிறகுதான் கம்ப்ரசர் பொத்தானுக்குக் கை போகும். வேர்க்குமே, ஒரு மின்விசிறியாவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்று யாராவது கேட்டால், "விசிறி போட்டா கலரு சாக்லேட்ல நிக்காது, என் புருவத்துல வந்து நிக்கும்" என்பார்.

செம்பாக்கம் ஏரியை ஒட்டிய தெருவில், கீழ்வீட்டின் பின்னறைதான் அவருடைய தொழிற்சாலை. கல்யாணம், காதுகுத்து, நிச்சயதார்த்தம் என்று எந்த விசேஷமானாலும் வருகிறவர்கள் கையில் கொடுக்கிற வண்ண சாக்லேட்டை அவர் செய்கிறார். கோகோ பட்டர் என்பது கோகோ விதையிலிருந்து எடுக்கிற கொழுப்பு. கை பொறுக்கும் சூட்டில் உருகும், ஆறினால் இறுகும். அதில் நிறம் கலந்து, பேனா அளவுத் துப்பாக்கியில் ஊற்றி, கம்ப்ரசர் தள்ளும் காற்றில் அச்சின் குழிகளில் புகை மாதிரி தூவ வேண்டும். அதன்மேல் சாக்லேட்டை வார்த்து, இறுகியதும் கவிழ்த்துத் தட்டினால் மயில் கழுத்துபோல் பளபளவென்று வந்து விழும்.

ஆனால் தூவியது அத்தனையும் குழிக்குள் போகாது. மீதி காற்றில் ஏறி, பறக்கும்போதே குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாக இறங்கும். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில், ஜன்னல் கம்பியில், காலண்டரில் எல்லாம் படியும். தரையில் படிந்தது எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். கணவர் நசீருதீன் ஒருநாள் டீ கொண்டுபோய் அப்படியே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். "இன்னா ஜஹீரா, நீ கலர் அடிக்கிறியா, ஆள அடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, டம்ளரில் மிச்சம் இருந்த டீயைத் தரையில் இருந்தபடியே குடித்தாராம்.

தாம்பரத்தில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர் அவர். அந்த வாரமே தகரத்தில் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். முன்பக்கம் திறப்பு, பின்பக்கம் உறிஞ்சும் விசிறி, நடுவில் ஏசியின் வடிகட்டி. உள்ளே அச்சை வைத்து அடித்தால் புகையைப் பெட்டி இழுத்துக்கொள்ளும். அறைக்குக் கண்ணாடிக் கதவும் போட்டார். எல்லாம் சரி, பெட்டியிலிருந்து போன குழாயை மட்டும் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். அங்கே கொடியில் ராஜாராமன் சாரின் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் சார் அதை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். வேட்டி முழுக்க நீலப் புள்ளி. "மாலையே போடல, அதுக்குள்ள என்னை சபரிமலைக்கு அனுப்பிட்டீங்களேம்மா!" ஜஹீராவுக்கு அழுகையே வந்துவிட்டது. சார் மனைவி ரமாதான், "கொதிக்கிற தண்ணில போட்டா போயிடும், அதுக்கு எதுக்கு அழற?" என்று வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார். அன்று முதல் குழாயின் முனையில் ஈரச் சாக்கு தொங்குகிறது. இரண்டு வீட்டுக்கும் சிநேகம் அந்த வேட்டியில் தொடங்கியதுதான்.

அந்த ரமாவின் மகள் மிருதுளாவுக்கு இந்த வருடம் நிச்சயதார்த்தம். பங்குனியில் என்றுதான் இருந்தது. மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்று முன்னால் இழுத்தார்கள். இழுத்த இடம் ரமலான் மாதம். புடவைக்குப் பொருத்தமாக மயில் நீலத்தில் சாக்லேட் செய்து தருவதாக ஜஹீரா வாக்குக் கொடுத்து வெகுநாள் ஆகியிருந்தது.

நோன்பு மாதத்தில் அவர் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. அச்சில் வார்ப்பார், பெட்டியில் அடுக்குவார், தூவ மட்டும் மாட்டார். எவ்வளவு கட்டினாலும் புகை மூக்கில் ஏறும், நாக்கில் தித்திக்கும், நோன்பு முறிந்துவிடும் என்று பயம். நோன்பு திறந்த பிறகு செய்யலாம்தான். ஆனால் மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கைக்குழந்தை. பொழுது சாய்ந்து கம்ப்ரசர் இரைந்தால் அது வீறிட்டு எழுந்துவிடும். பகலில் அடிப்பதைத் தவிர வழியில்லை.

முகமூடிக்குள் ஈரத்துணியை மடித்து வைத்துக்கொண்டு அன்று காலை தொடங்கினார். வாயைத் திறக்கவில்லை. குர்ஆனின் யாசீன் சூராவை மனசுக்குள்ளேயே ஓதிக்கொண்டு பாதி அச்சுகளை முடித்தார். மதியம் லுஹர் தொழ, கை கால் முகம் கழுவி ஒளு செய்து மூக்கைச் சிந்தினால், கைக்குட்டையில் நீலம்.

அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். தொழுதுவிட்டு வந்து பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார்.

"மாவு மில்லு தூசி தெரியும்மா, ரோட்டுப் புழுதி தெரியும். சாக்லேட்டுப் புகைய எந்தக் கிதாபுலயும் நான் படிக்கலியே" என்றார் ஹஜ்ரத். "நீயா வேணும்னு இழுத்தியா?"

"இல்ல ஹஜ்ரத்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள், கடைசியாக அடித்த அச்சில் நிறம் சமமாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க முகமூடியைக் கொஞ்சம் இறக்கியது ஞாபகம் வந்தது.

"வாசன நல்லாருந்துச்சு ஹஜ்ரத். ஒரு மூச்சு இழுத்துட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பயப்படாதே. இன்னிக்கு நோன்ப அப்டியே முழுசா வை. மனசு உறுத்துச்சுன்னா, பெருநாளுக்கு அப்புறம் இதுக்குப் பதிலா ஒண்ணு வெச்சுரு. ரப்பு மனச அறிஞ்சவன்."

மனசு சமாதானமானது. ஆனால் மீதி அச்சுகள் மேசையில் வெறுமையாகக் கிடந்தன. மறுநாள் விடிந்ததும் ஜஹீரா பக்கத்து வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நின்றுகொண்டு, "ரமாக்கா, வாக்கு குடுத்துட்டேன். ஆனா என்னால முடியலக்கா. பாதி நீலம், பாதி வெறும் சாக்லேட்டா குடுத்தா மிருதுளா மொகம் வாடிருமா?" என்று கேட்டார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

ரமா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். "அவ்ளோதானே? அடிக்கத்தானே ஆள் வேணும்? துப்பாக்கிய எங்கிட்ட குடு."

"ஒங்களுக்கு ஏகாதசி விரதம் வருமேக்கா?"

"அது நாளைக்கு. இன்னிக்கு என் மூக்குல ஒரு கிலோ சாக்லேட் போனாலும் பெருமாள் ஒண்ணும் கேக்க மாட்டார். வா."

ரமா உள்ளே, ஜஹீரா கண்ணாடிக் கதவுக்கு வெளியே. கம்ப்ரசர் சத்தத்தில் பேசினால் கேட்காது. அதனால் சைகைதான்: கையைத் தூக்கினால் தள்ளிப் பிடி, விரலைச் சுழற்றினால் அச்சைத் திருப்பு, உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. முதல் அச்சில் ரமா கிட்டத்தில் வைத்து அடித்ததில் நிறம் கண்ணீர் மாதிரி வழிந்தது. வெளியே ஜஹீரா தலையில் கை வைத்துக்கொண்டார். பார்க்க வந்த நசீருதீன், "அக்காவும் உன் கட்சிதான், கலர விட்டுட்டு ஆள அடிக்கிறாங்க" என்றார். இரண்டாவது அச்சு தேறியது. அதற்கப்புறம் ரமா பெட்டிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்துகொண்டு அடித்தார். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்போது கடைசி அச்சும் முடிந்திருந்தது.

கம்ப்ரசர் நின்றது. கதவைத் திறந்துகொண்டு ரமா வந்தார். முகமூடி இருந்த இடம் மட்டும் வெளுப்பு. நெற்றி, புருவம், இமை மயிர், முன்னால் விழுந்த நரைமுடி எல்லாம் மயில் நீலம். "என் பொண்ணுக்குத்தான் நிச்சயம், எனக்கு எதுக்குடி மேக்கப்பு?" என்றார்.

ஜஹீரா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தார். ரமாவை நாற்காலியில் உட்கார்த்தி, மோவாயை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். சூடு பட்டதும் நீலம் இளகியது, கோகோ வாசனை எழுந்தது. ஜஹீரா உதட்டை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு, ரமாவின் இமைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.