தேதி போட்ட பால் டப்பாக்கள்

தீவில், பத்துபஸ்தி என்ற இடத்தில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்வாசலில் காலிப் பால் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மிளகாய் நாற்றோ கத்தரி நாற்றோ இருக்கும். டப்பாவைத் திறக்கும் அன்றே அந்தத் தேதியைக் கறுப்புப் பெயிண்டால் பக்கத்தில் எழுதிவிடுவது என் வழக்கம். பழைய பால் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகத் தொடங்கியது. பிறகு எழுதாவிட்டால் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

இது அறுபத்தாறாம் வருடத்துக் கதை. பசும்பால் அப்போது எங்கள் பக்கம் கிடைக்காது. கப்பலில் வந்து இறங்கும் டப்பா பால்தான் எங்களுக்குப் பால். கெட்டியாக, லேசாக மஞ்சள் பாய்ந்து, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும். அதைப் போட்டு ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் சாயா குடிப்பேன்.

அந்த ஏப்ரலில் நில அளவைக்காக வண்டூர் போயிருந்தேன். கரையோரம் நடக்கும்போது பவளப்பாறைத் துண்டு ஒன்று இடது கால் பெருவிரலைக் கிழித்தது. கிழித்ததை நான் உணரவில்லை. அளவுச் சங்கிலி பிடித்து வந்தவர், "பாபுஜி, கால்ல ரத்தம்" என்று காட்டிய பிறகுதான் செருப்பு நனைந்திருப்பதைப் பார்த்தேன். 'வலியே இல்லை' என்று அன்றைய நாட்குறிப்பில் சற்றுப் பெருமையோடு எழுதியிருக்கிறேன்.

மே முழுவதும் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சிறுநீரை நீலத் திரவத்தோடு சேர்த்துக் குழாயில் சூடாக்கினார்கள். நீலம் செங்கல் நிறமாக மாறியது, சர்க்கரை மிகுதி என்பதற்கு அடையாளம். டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். மரத்துப்போன விரல், அடங்காத தாகம், மாலையில் எழுத்து மங்குவது, எல்லாமே நீரிழிவின் வேலை. சர்க்கரை ஒன்றே இந்த நோயைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நோய் இருக்கும் உடம்பில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருந்தால் நரம்பு கெடும், கண் கெடும், புண் ஆறாது.

மாத்திரை கொடுத்தார். அன்றே சீனியை விட்டேன். அரிசியைக் குறைத்தேன். வாயில் போட்டதையெல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். 'சாயா ஆறு, சீனி இல்லை' என்று தினமும் ஒரு வரி அதில் இருக்கும். ஆறு வாரம் கழித்தும் குழாயில் அதே செங்கல் நிறம்.

"நீங்கள் எழுதுவதும் இந்தக் குழாய் சொல்வதும் ஒத்துப்போகவில்லையே, பாபு" என்றார் டாக்டர்.

என்னைப் பொய்யன் என்றதாகவே எனக்குப் பட்டது. கொஞ்சம் குரலை உயர்த்தியும் விட்டேன். அவர் கோபப்படவில்லை. மூன்று வாரத்தில் வரும் மெட்ராஸ் கப்பலில் போய் விரலை எடுத்துவிடச் சொன்னார். இன்னும் தள்ளிப்போட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம். காடும் மேடும் நடந்து அளந்து பிழைப்பவன் நான். மனைவி டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினாள்.

மழை பிடித்துக்கொண்டதால் நடக்க வேண்டாம் என்றார்கள். கட்டு மாற்ற ஆஸ்பத்திரி சிஸ்டர், வேலை முடிந்து போகும் வழியில் வீட்டுக்கே வந்தார். அவர் தீவிலேயே பிறந்தவர். கைதிகள் காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் குடும்பம். இந்திதான் வீட்டு மொழி. தமிழை வார்டில் கற்றிருந்தார்.

முதல் நாள் மனைவி அவருக்கும் சாயா கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் கிளாஸைப் பார்த்தார்.

"பாபி, சீனி போட்டியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"எங்க வீட்ல ஏது சீனி, சிஸ்டர்? இவரு எனக்குக்கூட வாங்கித் தர்றதில்ல."

"பின்ன எப்படி இவ்வளவு மீட்டா? தித்திக்குதே."

"பால்தான்."

சிஸ்டர் புண் கழுவிய தண்ணீரைக் கொட்டப் பின்வாசலுக்குப் போனார். போனவர் திரும்பவில்லை.

"பாபுஜி, இது என்ன, கேலண்டரா?"

டப்பா திறந்த தேதிகள் என்று விளக்கினேன். அவர் குனிந்து வாசித்தார். "நாலு... ஆறு... எட்டு... பத்து. பாபி, நீயும் இந்தப் பால் குடிப்பியா?"

"அய்யே, எனக்கு அந்த வாசனையே ஆகாது. கடுங்காப்பிதான்."

"அப்போ எல்லாம் இந்த ஒரே ஆளா?" காகிதம் உரியாத ஒரு டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "படிங்க. கடலை கட்டின காகிதத்தக்கூட விட மாட்டீங்களாமே."

படித்தேன். பால் என்று ஒரு சொல், அடுத்துச் சர்க்கரை என்று ஒரு சொல். வருடக்கணக்காக என் கையில் புழங்கிய டப்பா. அதன்மேல் தேதி எழுதினேனே தவிர, அதில் எழுதியிருந்ததை வாசித்ததில்லை.

"டாக்டர் சாப்கிட்ட சண்டை வேற போட்டீங்க" என்றார் சிஸ்டர். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மறுநாள் அந்த டப்பாவை அவர் டாக்டரின் மேஜையில் வைத்திருக்கிறார். டாக்டர் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பால் என்றால் மாட்டுப்பால் என்று நினைத்திருந்தார். அடுத்த முறை என்னைக் கண்டதும், "உங்களைச் சந்தேகப்பட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும்" என்றார். அப்படிச் சொல்லும் அதிகாரிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அன்று முதல் நானும் கடுங்காப்பிக்கு மாறினேன், வெல்லம் இல்லாமல். என் எதிரில் வெல்லம் போட்டுக் குடிக்க மனம் வராமல் மனைவியும் அதை விட்டாள். அவள் அதைச் சொல்லவில்லை. சில மாதம் கழித்து நானாகத்தான் கவனித்தேன். அந்த வாரங்களிலேயே குழாயில் செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாயிற்று. கப்பல் வந்த வாரம் டாக்டர் புண்ணின் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். புதுச் சதை சிவப்பாகத் தெரிந்தது.

"இந்தக் கப்பல் போகட்டும்" என்றார்.

அது கிளம்பிய அன்று மனைவி கேட்டாள்: "ஏங்க, பெட்டியப் பிரிச்சிடவா?"

"அடுத்ததும் போகட்டும்."

அடுத்ததும் போயிற்று. அதற்கடுத்த கப்பல் துறையை விட்டுக் கிளம்பியபோதுதான் புண் முழுதாக மூடியிருந்தது. அன்று அவள் என்னைக் கேட்காமலே பெட்டியிலிருந்து வேட்டிகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.

விரல் இருக்கிறது. நகம் கோணலாக வளர்ந்தது. உணர்ச்சி திரும்பவில்லை. அதனால் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி தினமும் காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் திருப்பிப் பார்க்கிறேன். அவர் மறுவருடம் வேறு தீவுக்கு மாற்றலானார். போகும்போது ஒரு மிளகாய் நாற்றுக் கேட்டார். டப்பாவோடு கொடுத்தேன். இன்றும் அளவு வேலைக்கு வண்டூர் போய் நடந்தே திரும்பினால், அன்றைய நாட்குறிப்பில் முதல் வரியில் அவருக்கு ஒரு நன்றி எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.