மேல்சித்தாமூரில் முழுதாக ஓடிய பாட்டு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கணவர் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். ஸ்பீக்கர், மைக், சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு விடுவோம். கல்யாணக்காரர்கள் ஒவ்வொருவராக “டிஜே இருக்குதா?” என்று கேட்க ஆரம்பித்ததும், அவர் சென்னைக்குப் போய்ப் பழைய கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் தட்டு போல வட்டம், நடுவில் வரிசையாகக் குமிழ்கள். அதை லேப்டாப்பில் மாட்டினால், ஒரு பாட்டு வெளியே ஓடும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்டுச் சரிசெய்து, அதன்மேல் இதை ஏற்றிவிடலாம். அவருக்கு அதில் பொறுமை இல்லை. கொஞ்ச நாள் தட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டேன்.

மதியச் சமையல் முடிந்த பிறகு உட்காருவேன். செல்போனில் வீடியோ பார்த்துத்தான் பழகினேன். வீடியோக்காரர்கள் போடுகிற பாட்டெல்லாம் நான்கு நான்காக எண்ண வருபவை. நம் குத்துப்பாட்டில் பாதி அப்படி வராது. அது தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடும். தகதிமி என்று போகிற பாட்டின்மேல் அதை ஏற்றினால், வேகம் ஒன்றாக இருந்தாலும் ஒட்டாது. வேகத்தைத் தானாகச் சரிசெய்யும் பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்தியும் பார்த்தேன். என் கணவர் கூடத்திலிருந்து, “ரெண்டு பாட்டும் சண்டை போடுது” என்றார். அவர் சொன்னது சரிதான்.

பழைய பாட்டுகளில் வேறு சிக்கல். ஆட்கள் உட்கார்ந்து வாசித்த பாட்டு அவை. முதல் சரணத்தில் இருக்கிற வேகம் இரண்டாவது சரணத்தில் இருக்காது. லேப்டாப் காட்டும் கணக்கை நம்பாமல், தொடையில் தட்டிப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். சேராது என்று தெரிந்தால் சேர்க்காமலே விடலாம். ஒரு பாட்டை மெல்லக் குறைத்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்ததை ஆரம்பித்தால் யாரும் நம்மைத் திட்டப்போவதில்லை.

பாட்டு சேகரிப்பதிலும் தடுமாறினேன். கிடைத்ததையெல்லாம் பென்டிரைவில் ஏற்றிவைத்திருந்தேன். மண்டகப்பட்டில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில், கேட்ட பாட்டைத் தேடித் தேடி, கடைசியில் கேட்ட பெண்ணே சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து முக்கால்வாசியை அழித்தேன். எங்கே வெறும் தாளம், எங்கே குரல் ஆரம்பிக்கும், எங்கே குரல் நிற்கும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு கை தானாகவே நிதானத்துக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேல்சித்தாமூரிலிருந்து ஒரு சமணக் குடும்பம் ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டது. பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அதனால் விழாவை மதியத்துக்கு மேலேயே வைத்திருந்தார்கள். வெயிலில் கலர் லைட் எதுவும் எடுபடவில்லை. எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிகிற வெளிச்சத்தில் யார் ஆடுவார்கள் என்று எனக்குப் பயம். மெதுவான பாட்டுகளில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினேன். மணப்பெண்ணின் தோழிகள் முதலில் எழுந்தார்கள். பிறகு மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

பந்தல் நிறைந்ததும், எங்கே போட்டாலும் கூட்டம் எழுந்து ஆடுகிற ஒரு பாட்டைப் போட்டேன். முந்தைய பாட்டோடு தாளம் அச்சாகப் பொருந்தியது. ஆனால் மாப்பிள்ளை நின்றுவிட்டார். அவர் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து பந்தலுக்கு வெளியே போனார். ஆடியவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று நினைத்து நான் சத்தத்தைக் கூட்டினேன்.

உறவுக்காரப் பெண் ஒருவர் வேகமாக வந்து என் காதருகே குனிந்தார். மாப்பிள்ளைக்கு ஒரு அண்ணன் இருந்ததாகவும், திண்டிவனம் ரோட்டில் பைக் விபத்தில் இறந்துவிட்டதாகவும், இது அவர் போனில் வைத்திருந்த ரிங்டோன் என்றும் சொன்னார். சத்தத்தைக் குறைக்கக் குமிழைத் திருப்பினேன்.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். “தெரியாதும்மா, மன்னிச்சுக்குங்க” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். “பாட்டு இன்னா பண்ணும்? நிறுத்தாத. முழுசா ஓடட்டும்” என்றார்.

திரும்பச் சத்தத்தை ஏற்றினேன். யாரும் ஆடவில்லை. அம்மா என் மேஜையைப் பிடித்தபடியே நின்றார். மாப்பிள்ளை வந்து அவர் தோளில் கை வைத்துக்கொண்டார். நான் எந்தப் பாட்டையும் கடைசி வரைக்கும் ஓடவிட்டதே இல்லை; பாதியிலேயே அடுத்ததை ஏற்றிவிடுவதுதான் என் வேலை. அந்தப் பாட்டின் கடைசியில் குழல் மட்டும் கொஞ்ச நேரம் வரும் என்பதை அன்றுதான் கேட்டேன். முடிந்ததும் அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பந்தி போட்டுடலாம், பொழுது போகுது” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். வெளியே நின்றிருந்த அப்பாவும் வந்து இலைகளை எடுத்துக் கொடுத்தார். என்னையும், ஸ்பீக்கர் கட்ட வந்திருந்த என் கணவரையும் பந்தியில் உட்கார வைத்தார்கள்.

வீடு திரும்பும்போது, வண்டி செஞ்சிக்குள் நுழைந்ததும் என் கணவர், “நீ ஒன்னும் தப்பா போடல” என்றார்.

டிஜே கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு இப்போது சில பெண்கள் போன் செய்கிறார்கள். எந்த கன்ட்ரோலர் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். பழையதே போதும், ஹெட்போன் மட்டும் நல்லதாக வாங்குங்கள் என்பேன். குரல்மேல் குரலை ஏற்றாதீர்கள் என்பேன். விழாவுக்கு ஒத்துக்கொண்டதும் வீட்டுக்காரர்களிடம் என்ன பாட்டு வேண்டும் என்று கேளுங்கள். எது வேண்டாம் என்பதையும் கேளுங்கள் என்பேன். நானும் அப்படித்தான் கேட்கிறேன். வீட்டுக்காரர்களில் பலர், எதுவும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். சிலர் கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒரு பாட்டின் பேரைச் சொல்கிறார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை.