மண்ணை ருசி பார்த்த ஹல்டா

ஹல்டா ஃபிட்ச் மண்ணை வாயில் போட்டதை நான் முதன்முதலில் பார்த்தது என் மாட்டுத் தொழுவத்தில்தான். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள்.

"என்ன ஹல்டா, வீட்ல மாவு தீர்ந்துபோச்சா?"

"சும்மா இரு ஆசா. உன் மண்ணு நாக்குல சில்லுனு இருக்கு. உன் மாட்டைவிட உன் தொழுவம் உருப்படி."

மண்ணைத் துப்பிவிட்டுப் போய்விட்டாள். நான் மாட்டைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. எங்கள் ஊர்ச் சாயக்காரி. அவுரி நீலம் கம்பளியில் பிடிக்க வேண்டுமென்றால் பழைய மூத்திரம் வேண்டும், அதை வாளியோடு வீடுவீடாகப் போய் வாங்கி வருவாள். மோந்து பார்த்தே எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் ஆப்பிள் சாராயம் அதிகமாக ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். அதனாலேயே பாதி ஊர் அவளிடம் மரியாதையாக இருந்தது. எதையும் சும்மா விடமாட்டாள். சுவரில் வெள்ளையாகப் பூத்தால் ஏன் பூத்தது, ஆடு ஏன் ஒரே கல்லை நக்குகிறது, இப்படியே கேட்டுக் கேட்டு மனுஷனைக் கொன்றுவிடுவாள். நாக்கில் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பியதில்லை.

அவளுக்கென்று இருந்தது தம்பி ஏனோஸ் மட்டும். தாய் போனபின் ஆறு வயதிலிருந்து அவள் வளர்த்த பிள்ளை. இங்கிலாந்து ராஜாவின் படை பாஸ்டன் நகருக்குள் இருந்தது, அவரை எதிர்த்துக் கிளம்பிய எங்கள் பிள்ளைகள் நகருக்கு வெளியே வளைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் சாயம் போட்ட நீல மேலங்கியும் நீலக் காலுறையும் மாட்டிக்கொண்டு அவனும் போனான். மாகாணம் கேட்ட முப்பது மேலங்கியில் பாதிக்கு அவள்தான் சாயம் போட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவனிடமிருந்து கடிதம் வந்தது. "அக்கா, காலுறை கதகதப்பா இருக்கு. எங்ககிட்ட துப்பாக்கி மருந்து இல்ல. ஆளுக்கு ஒன்பது தோட்டாதான். இதை யார்கிட்டயும் சொல்லாத." அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். நான் வண்டிக்காரன். மறுநாள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

கரியும் கந்தகமும் சேர்த்துத் துப்பாக்கி மருந்து அரைக்க, ஒவ்வொரு ஊரும் வெடியுப்பு காய்ச்சி அனுப்ப வேண்டும் என்று மாகாணத்திலிருந்து அச்சடித்த தாள் வந்தது. மழை படாத பழைய மண்ணைத் தோண்டு, தண்ணீர் ஊற்றி வடி, சாம்பல் நீர் சேர், காய்ச்சு, ஆறவிடு என்று அதில் எல்லாம் இருந்தது. எந்த மண் என்றுதான் தெளிவாக இல்லை. ஊர்க்கூட்டத்தில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் நானும் ஒருவன். தலைவர் எங்கள் தேவாலயத்து மூப்பர், டீக்கன் ஸ்டிரேட்டன். பெண்களுக்குக் கூட்டத்தில் வாய் கிடையாது.

டீக்கனின் நிலவறைத் தரையில் வெள்ளை வெள்ளையாக மின்னியது. முப்பது வருஷமாக மாட்டிறைச்சிக்கு உப்புப் போட்டுப் பீப்பாய் அடுக்கிய இடம். அதையே தோண்டினோம். ஹல்டா வழியில் வண்டியை நிறுத்தி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள்.

"டீக்கன் ஐயா, இது வெறும் கறியுப்பு. கரிக்குது. நல்ல மண்ணு கரிக்காது, குளிரும்."

"நீ உன் மூத்திர வாளியப் பாரும்மா. தாளை நாங்க படிச்சிருக்கோம்."

காய்ச்சி எடுத்ததைத் தாளில் சொன்னபடி கனலில் போட்டுப் பார்த்தோம். படபடவென்று வெடித்துத் தெறித்தது. நாங்கள் ஐந்து பேரும் தொப்பியைத் தூக்கிப் போட்டுக் கத்தினோம். நான்தான் அதிகமாகக் கத்தினேன்.

முப்பது மைல் பனியில் வண்டி ஓட்டி மருந்து ஆலைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் ஒரு கிள்ளு கனலில் போட்டார், பிறகு என்னைப் பார்த்தார். "வெடிக்கிறது உப்புய்யா. வெடியுப்பு சத்தம் போடாது. உங்க டீக்கனை இதைக் கஞ்சியில போட்டுக்கச் சொல்லுங்க." முப்பது மைலும் அதே பனியில் திரும்பி வந்தேன்.

நான் சொன்னதைக் கேட்டதும் ஹல்டா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மூணு வாரம் போச்சு ஆசா," என்றாள். "அவன் அங்க ஒன்பதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வாரம் அவள் ஊரையே தின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். தொழுவம், கோழிக்கூண்டு, புகையிலைக் கொட்டகை ஒன்றையும் விடவில்லை. என் தொழுவத்து மண் நல்லதுதான், ஆனால் ஒரு வாளிக்குமேல் தேறாது. கடைசியில் ஒருநாள் எங்கள் சபைக்கூடத்துப் பலகைத் தரைக்கு அடியிலிருந்து தலைமுடியெல்லாம் ஒட்டடையோடு தவழ்ந்து வெளியே வந்தாள். வடக்குப் பக்க அஸ்திவாரக் கல் சரிந்து நாற்பது வருஷம். மழைக்கும் பனிக்கும் ஊர் ஆடெல்லாம் அந்த வழியாக உள்ளே போய் ஒதுங்கும், புழுக்கையும் மூத்திரமும் அங்கேதான். பிரசங்கத்தின் நடுவே கத்தும். நாங்கள் பழகிவிட்டோம்.

"எவ்வளவு சில்லுனு இருக்கு தெரியுமா?" என்றாள். பல்லெல்லாம் மண்.

"தரையைப் பேர்க்கணுமே. டீக்கன் விடுவாரா? நடுவுல அவர் பெஞ்சு இருக்கு."

"அவர்கிட்ட யார் கேக்கப் போறா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குளிருக்குப் பெண்கள் எல்லோரும் கனல் போட்ட தகரப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போதகர் இரண்டாவது ஜெபத்தை முடித்த நேரம். ஹல்டா குனிந்து தன் பெட்டியைத் திறந்து எதையோ போட்டாள். படபடவென்று தெறித்தது. பக்கத்திலிருந்தவள் அலறினாள். டீக்கன் எழுந்துவிட்டார்.

"இது உங்க நிலவறை, டீக்கன் ஐயா," என்றாள் ஹல்டா. "இன்னொண்ணு இருக்கு."

பாவாடைப் பையிலிருந்து, தானே காய்ச்சி எடுத்த ஊசி ஊசியான வெள்ளைக் கற்களை எடுத்துப் போட்டாள். ஒரு சத்தமும் இல்லை. உஸ்ஸென்ற மூச்சு மட்டும் வந்தது. கனல் வெள்ளையாக எரிந்து, இருட்டாயிருந்த கூடத்தில் எல்லார் முகமும் தெரிந்தது. நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

"இது எங்கேருந்து?" என்று கேட்டார் டீக்கன். குரல் இறங்கியிருந்தது.

"உங்க காலுக்குக் கீழேருந்து."

அவள் கையிலிருந்து ஒரு ஊசியை வாங்கி அவர் நாக்கில் வைத்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆசா, கடப்பாரை வண்டியில இருக்கா? முதல்ல என் பெஞ்சைத் தூக்கு."

வெளியே தரை கல்லாக இறுகிக் கிடந்தது. பலகைக்குக் கீழே மண் மாவாக உதிர்ந்தது. பதினோரு நாள் தோண்டினோம், வடித்தோம், காய்ச்சினோம். ஹல்டா நீலத் தொட்டியைக்கூட மறந்துவிட்டாள். பிப்ரவரி முடிவதற்குள் இரண்டு வண்டி நல்ல வெடியுப்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சக் குளிர்காலம் முழுக்க மண்ணில் கால் வைத்து ஜெபம் செய்தோம், என் இரண்டு கால்விரல்கள் இன்றுவரை மரத்தே இருக்கின்றன.

மார்ச்சில் ராஜாவின் படை பாஸ்டனை விட்டுக் கப்பல் ஏறிவிட்டது. அத்தோடு படையில் சேர்ந்த தவணையும் முடிந்து ஏனோஸ் நடந்தே வந்தான். நீல மேலங்கி முழங்கையில் கிழிந்திருந்தது. துப்பாக்கி மருந்து போட்டுவைக்க, தோளில் தொங்கிய மாட்டுக் கொம்பைக் கழற்றி மேசைமேல் வைத்தான். கனமாக விழுந்தது.

"நிறைய இருக்கே! ஒண்ணுகூடச் சுடலையா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி, விரல் மரத்த கோபம் வேறு.

"இல்லண்ணே. அவங்களே போயிட்டாங்க."

ஹல்டா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நீர் பட்டுத் தோல் உரிந்த கை.

ஏனோஸ் அதைப் பார்த்தான். "அக்கா, ஒன்பது இருந்தப்ப படுத்தாத் தூக்கம் வராது. இருட்டுல விரல் விட்டு விட்டு எண்ணுவேன். எண்ணி முடிச்சாலும் ஒன்பதுதான். இந்தக் கொம்பு நிறைஞ்ச அன்னிக்குத்தான் தூங்கினேன். எழுப்ப எழுப்பத் தூங்கினேனாம்."

அவள் கொம்பின் மூடியைத் திறந்தாள். ஒரே ஒரு கருப்புக் குருணையை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"கரி கொஞ்சம் தூக்கல்," என்றாள். "ஆனா சில்லுனு இருக்கு. நம்ம ஆடுதான்."

ஆலையில் நாற்பது ஊர் வெடியுப்பையும் ஒன்றாகக் கொட்டித்தான் அரைப்பார்கள். வண்டி ஓட்டிய எனக்கு அது தெரியும். அன்று நான் வாயைத் திறக்கவில்லை.