வருவாரா சார்

ஒரு பெரிய தொலைக்காட்சி நிலையத்தின் நான்காவது மாடியில், தண்ணீர் இயந்திரத்துக்கும் உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறைக்கும் நடுவே ஒரு மேசை இருக்கிறது. சினிமா, சீரியல் இரண்டின் நடிப்பும் வருடத்துக்கு ஒருமுறை அங்கேதான் எடைபோடப்படுகிறது. எடைபோடுகிறவர் ஐம்பத்திரண்டு வயது எழுத்தர். விருது விழாவுக்கு முன்னால் நடிகர் வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, "சார் வருவாரா?" என்று கேட்பது அவர் உத்தியோகம். இருபது வருடம் இதையே கேட்டதில், அலுவலகத்தில் அவர் பெயரே வருவாரா சார் என்று ஆகிவிட்டது.

அவர் நோட்டில் மூன்று கட்டங்கள் உண்டு: வருவார், வரமாட்டார், பார்க்கலாம். வரமாட்டார் என்பவருக்கு விருது கொடுத்தால் மேடையில் வாங்க ஆள் இருக்காது. வருவார் என்பவருக்குக் கொடுப்பது வீண். அவர்தான் சும்மாவே வருகிறாரே. ஆக, விருது முழுக்க மூன்றாவது கட்டத்துக்குத்தான். நடுவர் குழு என்று மூன்று பெரியவர்கள் இருக்கிறார்கள். பட்டியல் தயாரானதும் வந்து, காபி குடித்து, கையெழுத்துப் போட்டு, தங்களுடைய கடுமையான பரிசீலனையின் முடிவு என்னவென்று தெரிந்துகொண்டு போவார்கள். ஒரு வருடம் ஒரு கதாநாயகன் இரண்டு தடவை "பார்க்கலாம்" என்றான். சிறந்த நடிகர் போதாதென்று சிறந்த சிரிப்புக்கும் ஒன்று கொடுத்தார்கள். அந்தப் படத்தில் அவன் சிரிக்கவே இல்லை.

இப்படிப்பட்ட நேர்மையான மனிதருக்கு ஒரு மச்சினி. மனைவியின் தங்கை. அதே நிலையத்தின் மதியத் தொடரில் பதினோரு வருடமாக அம்மா வேடம். கதையில் யார் கல்யாணம் நின்றாலும், யார் வீட்டைவிட்டு ஓடினாலும், அவள் கட்டிலில் படுத்து இரும வேண்டும். ஒவ்வொரு வருடமும் அத்தான் போன் செய்வார். "வர்றேன் அத்தான், எத்தனை மணிக்கு?" என்பாள். முதல் கட்டத்தில் ஏறுவாள். நீலப் புடவையைத் தேய்த்துக் கட்டி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரர் பெயரைக் கூப்பிடும்போது கைதட்டுவாள். பத்து வருடம் தட்டினாள்.

இந்த வருடம் அந்த அம்மாவைச் சாகடிக்கப் போவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். தொடரை விட்டுப் போனபின் யாரும் கூப்பிட்டு விருது தரப் போவதில்லை. அவள் நேராக அக்கா வீட்டுச் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"அத்தான், இந்தத் தடவையாவது என் பேர் இருக்கா?"

"நீதான் எப்படியும் வந்துருவியேம்மா."

"அதுக்கு?"

"அப்புறம் விருது எதுக்கு?"

ரயில் நேரம் சொல்வதுபோல அவர் தன் முறையை விளக்கினார். அக்கா அடுப்பை அணைத்தாள்.

"அப்ப என் தங்கச்சி வர்றேன்னு சொன்னதுதான் தப்பா?" என்றாள்.

"நான் பண்ணின சட்டமா இது?"

"ஆமா, நீங்கதான் பண்ணினீங்க!" என்றார்கள் இரண்டு பேரும்.

மறுவாரம் அலுவலகத்திலிருந்து மச்சினிக்குப் போன் போட்டார். எடுத்த குரல் வேறு.

"அம்மா ஷூட்டிங்ல இருக்காங்க. நான் மேனேஜர் பேசறேன்."

"அடியே, காலையில எனக்கு இட்லி வச்சுட்டு இப்ப அங்க போய் உக்காந்திருக்கியா?"

"இட்லி விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது சார். பார்க்கலாம்னு எழுதிக்குங்க."

"எழுத மாட்டேன்!"

"அப்ப ராத்திரிக்கும் ஹோட்டல்லயே பார்த்துக்குங்க சார்."

அவர் மச்சினி பெயரை வருவார் கட்டத்திலேயே எழுதினார். கொள்கைக்காக நான்கு நாள் ஹோட்டலில் சாப்பிட்டார். வயிறு கெட்டது, கொள்கை கெடவில்லை.

ஐந்தாம் நாள் நிகழ்ச்சித் தலைவி அவரைக் கூப்பிட்டாள். அம்மா சாகும் காட்சிக்கு விளம்பரம் வேண்டும். அதற்கு அம்மா விழா மேடையில் நின்றே ஆக வேண்டும். தலைவியே போன் போட்டுப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அம்மாவுக்கு வேறு இடத்தில் ஏதோ விழா என்று மேனேஜர் சொல்லிவிட்டாளாம்.

"யாரு சார் அந்த மேனேஜர்? என்ன திமிரு!"

"ரொம்ப நாளாவே அப்படித்தான் மேடம்."

"சொந்தக்காரியைக்கூடக் கூட்டிட்டு வர உங்களுக்குத் துப்பில்லை. ஒரு விருதைப் போட்டுத் தொலைங்க."

இருபது வருடத்தில் முதல்முறையாக அவர் ஒரு பெயரை அடித்து, மூன்றாவது கட்டத்தில் எழுதினார். பேனா இரண்டு தடவை மக்கர் பண்ணியது. 'துயரத்தைத் தொடர்ந்து வெளிப்படுத்தியதற்கான சிறப்பு விருது' என்று ஒன்று பிறந்தது. நடுவர்கள் காபி குடித்துக்கொண்டே அதை ஏகமனதாகக் கண்டுபிடித்தார்கள்.

விழா நாள் மதியம் போன் போட்டார். இந்தத் தடவை மச்சினியே எடுத்தாள்.

"வர்றியா இல்லையா? என் வேலை போயிடும்மா."

"வர்றேன் அத்தான், எத்தனை மணிக்கு?"

பத்து வருடம் கேட்ட அதே குரல், அதே பணிவு. அவர் நிம்மதியாகப் போனை வைத்தார். பதினோரு வருடத்தில் அவள் செய்த உருப்படியான நடிப்பு அதுதான். பார்த்தவர் யாரும் இல்லை, கேட்டவர் ஒருவர்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். விளக்கு முதல் வரிசைக்குப் போய் ஒரு காலி நாற்காலிமேல் நின்றது. கேமராக்காரர் பாவம், நாற்காலியையே நெருக்கத்தில் காட்டினார். பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண் நீலப் புடவையில் எழுந்து மேடையேறினாள். வருவாரா சாருக்கு முதலில் புடவைதான் அடையாளம் தெரிந்தது. அப்புறம் மனைவி.

"நான் மேனேஜர்," என்றாள் மைக்கில். "அம்மா பத்து வருஷம் கூப்பிட்டதும் வந்தாங்க. ஒண்ணும் கிடைக்கல. வரமாட்டேன்னாங்க, கிடைச்சிருச்சு. இந்த விருது அவங்க இருமினதுக்கு இல்ல, வராததுக்கு. அதனால வராமலே வாங்கிக்கிறாங்க. ஏங்க, நோட்டுல சரியா எழுதிக்குங்க!"

அரங்கம் எழுந்து கைதட்டியது. எதற்கென்று அரங்கத்துக்குத் தெரியாது.

ஒளிபரப்பில் "நான் மேனேஜர்" மட்டும் இருந்தது, மிச்சத்துக்கு வயலின். வேலை போகவில்லை, ஏனென்றால் அந்த வேலையை வேறு யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

விருது அவர் வீட்டில் போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடியில் செய்தது, காலை வெயில் பட்டால் நேராக அவர் கண்ணில் அடிக்கும். தூக்கி அலமாரியில் வைத்தால் மனைவி திரும்பக் கொண்டுவந்து அங்கேயே வைத்துவிடுகிறாள். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மச்சினிக்குப் போன் போட்டார்.

"உன் சாமான் இங்கயே கெடக்கு. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறியா?"

எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கவில்லை. ஒரு இருமல்கூட இல்லை.

"பார்க்கலாம் அத்தான்," என்றாள்.